இருமல் மிஸ்

ஜெசிந்தா தாதிக்குப் பொறுமை கிடையாது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் வயிற்றுத் தையலோடு கிடக்கும் எவரையும் அதட்டி இரும வைத்துவிடுவார். சளி தேங்கினால் காய்ச்சல் வரும் என்பார். நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'இருமல் மிஸ்'.

பருத்தித்துறையிலிருந்து வந்த தவமணி என்ற மூதாட்டி மட்டும் வந்த இருமலை எல்லாம் விழுங்கிக்கொண்டே கிடந்தார்.

"தலையணையை வயித்தோடை அணைச்சுப் பிடியுங்கோ அம்மா. தையல் பிரியாது. பலமா இருமுங்கோ."

தவமணி தலையாட்டினார். இருமவில்லை.

"நேற்றுத் தொடக்கம் சொல்லுறன். என்ன பயம் உங்களுக்கு?" சினம் ஏறிய மிஸ் கட்டிலில் உட்கார்ந்து, தானே தலையணையை அணைத்து, வாட் முழுதும் அதிர இருமிக் காட்டினார்.

தவமணியின் கை பாய்ந்து வந்து மிஸ்ஸின் வாயை இறுகப் பொத்தியது. கண்கள் கூரையில் குத்தி நின்றன.

"சத்தம் போடாதை பிள்ளை," என்று காதுக்குள் சொன்னார். "பங்கருக்கு மேலை ஆமி நடக்கிறான்."

சண்டை முடிந்து, பதுங்குகுழிகள் தூர்ந்து எத்தனையோ வருடங்கள். மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மிஸ் அந்தக் கையை விலக்கவில்லை. சிறுவயதில் பங்கருக்குள் தாய் பழக்கியபடி, மூக்கால் மெல்ல மூச்சு விட்டார்.