நான் கொண்டுபோன மனு

அறுபதுகளின் தொடக்கத்தில் அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளியில் சரித்திர ஆசிரியராக இருந்தேன். அடுத்த வகுப்பில் குடிமையியல் நடத்த ஓர் இளம் ஆசிரியை வந்தார். பாடத்தை நாடகமாக்கிவிடுவார்; பிள்ளைகளே தாசில்தார், பிள்ளைகளே மனுதாரர்கள். இரு வகுப்புகளுக்கும் நடுவிலிருந்த தட்டிக்கு அப்பால் சிரிப்பு எழும்போதெல்லாம் என் மாணவர்களின் காது அங்கே போய்விடும். எனக்கு வயிறு எரியும்.

இரண்டு மாதம், சத்தம் எழுந்த நேரங்களை நாட்குறிப்பில் நிமிடம் தவறாமல் குறித்தேன். பிறகு அவற்றைப் புகாராக எழுதி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் கிளம்பினேன். போகிற வழியில் அந்த வகுப்பை எட்டிப் பார்த்தேன்.

தாசில்தார் நாற்காலியில் வள்ளியம்மை இருந்தாள். என் பாடவேளையில் வாயே திறக்காத பெண்.

"சாரும் மனு கொண்டாந்திருக்கீங்களா? குடுங்க சார், வரிசையில நிக்க வேணாம்."

நான் சுதாரிப்பதற்குள் எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கி உரக்கப் படித்தாள். "நாடகம் என்ற பெயரில் கூச்சல் நடக்கிறது. உடனே நிறுத்த உத்தரவிட வேண்டும்." படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இதுனால ஒங்களுக்கு என்ன நட்டம்னு எழுதலையே சார்?"

ஆசிரியையின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் பிள்ளைகளிடம், "நம்ம நாடகத்துக்குன்னே சார் எழுதிட்டு வந்திருக்காங்க. கை தட்டுங்க" என்றார்.

தட்டினார்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். அவரிடம் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் அப்போதே எனக்குத் தெரியும். நட்டம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் அவரிடம் பேசினார்கள், என்னிடம் பேசவில்லை. அவ்வளவுதான்.