ஹெச் என்றால் ஹனூர்

எஸ்.டி.டி. பூத்துக்காரர்தான் செய்தி சொன்னார். மைசூரிலேயே பிறந்த தமிழர். பேச்சில் பாதி கன்னடம். "நம்ம நாகரத்தினம் மேஷ்ட்ரு தீர்க்கொண்டாரு சார்" என்றார். எதைத் தீர்த்துக்கொண்டார் என்று ஒரு கணம் விழித்தேன். காலமானார் என்பதைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

நாகரத்தினமும் நானும் ஒரே பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தோம். அவர் சரித்திரம், நான் தமிழ். அவருக்காக அழத்தான் இரங்கல் கூட்டத்துக்குப் போனேன். அருவருப்போடு திரும்பினேன். அவரை அறிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

ஓய்வு பெற்றபின், தங்கள் முன்னோர் யார் என்று தேடும் குடும்பங்களுக்கு அவர் வழிகாட்டி வந்தது உங்களுக்குத் தெரியும். வந்து உட்கார்ந்ததும், "செத்தவர்கள் எங்கும் ஓடிவிட மாட்டார்கள். முதலில் உயிரோடு இருப்பவர்களைச் சொல்லுங்கள்" என்பார். பிறகு பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவை இறக்கச் சொல்வார். அதன் கழுத்தில் வெட்டியிருக்கும் பெயர், அது எந்த வீட்டுப் பெண்ணோடு வந்த சீர் என்று காட்டிவிடும். அடுத்து குலதெய்வக் கோவில் பூசாரி. யார் யாருக்குப் பங்காளி என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஒரு கட்டடக் காண்டிராக்டர். குடும்பம் ஹனூர் என்ற ஊரிலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தது. தாத்தா ஹெச்.கே. பெரியசாமி, கொத்து வேலை மேஸ்திரி. புது வீட்டுக் கூடத்தில் மாட்ட வம்சாவளிப் படம் வேண்டும் என்றார். ஹெச் என்பது ஹரிஹரராயர், அரண்மனையில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர் என்று யாரோ அவருக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள்.

நாகரத்தினம் பொறுமையாக விளக்கினார். தமிழ்நாட்டில் இப்போது பெயருக்கு முன்னால் அப்பா மட்டும்தான் நிற்பார். மைசூர்ச் சீமையில் முதலில் ஊர் நிற்கும், பிறகுதான் அப்பா. "ஹெச் என்றால் ஹனூர். கே என்றால் கருப்பன். ஊரைப் போய்த் தாத்தா என்று கும்பிடாதீர்கள்" என்றார்.

கருப்பன் பெயரைச் சொன்னவர் காண்டிராக்டரின் அத்தை பொன்னம்மாள், மேஸ்திரியின் மகள். தாயில்லாப் பிள்ளையான காண்டிராக்டரை ஜல்லி சுமந்து வளர்த்தவர். வேறு சாதிக்காரரான ஒரு சித்தாளைக் கட்டிக்கொண்டதால் அந்த வீட்டில் அவர் பேச்சை எடுக்க மாட்டார்கள். நாகரத்தினம் தேடிப் போய் விசாரித்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "எம்பேரும் அதுல வருமுங்களா?" வரும் என்று சொல்லி, வரைந்த படத்தில் மேஸ்திரியின் பிள்ளைகள் வரிசையில் அவரையும் எழுதிக் கொடுத்தார்.

கிரகப்பிரவேசத்துக்கு நாகரத்தினமும் நானும் போனோம். கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கம்ப்யூட்டரில் அடித்த வேறொரு படம் தொங்கியது. உச்சியில் ஹரிஹரராயர். கருப்பன் கிருஷ்ணப்பராகியிருந்தார். பொன்னம்மாள் பெயர் இல்லை; அழைக்காமலே வந்து அவர் கீழே நின்றிருந்தார். பிறக்கவே பிறக்காத ஒருவருக்குத் தங்க மையில் பெயர்; பக்கத்திலேயே நிற்கிற மனுஷிக்கு ஒரு கோடுகூட இல்லை. ஊசிப்போன சாம்பாரை வெள்ளித் தட்டில் பரிமாறியது போல இருந்தது.

படிக்கத் தெரியாத அந்த அம்மாள் படத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங் வாத்தியாரே, எம்பேரு எங்கீங்க இருக்குது?" என்றார். ஏதாவது ஓரிடத்தைக் காட்டியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

நாகரத்தினம் அப்படிச் செய்யவில்லை. "இதில் இல்லைம்மா. இது நான் எழுதினது இல்லை" என்றார். பந்தியில் இலை போட்டாகிவிட்டது. சாப்பிடாமல் வெளியேறினார், நானும் கூடவே வந்தேன். ஆட்டோவில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "சீ."

சென்ற வாரம் இரங்கல் கூட்டத்துக்கு அந்தக் காண்டிராக்டர்தான் தலைமை. பந்தல் செலவு அவருடையதாம். மைக்கைப் பிடித்து, "எங்கள் ஹரிஹரராயர் வம்சத்தைக் கண்டுபிடித்துத் தந்த மகான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. இரங்கல் கூட்டத்தில் கைதட்டல்! தன் வாழ்நாளில் ஒரு பொய்ப் பெயர்கூட எழுதாத மனிதரின் படத்துக்கு முன்னால், அவர் மறுத்த பொய்யை அவர் தலையிலேயே கட்டினார்கள். பிணத்தின் விரலில் மை தடவிக் கைநாட்டு வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

என்னைப் பேச அழைத்தார்கள். எழுதி வைத்திருந்ததை மடித்துவிட்டு, வகுப்பில் கேட்பது போல ஒரு கேள்வி கேட்டேன்: "ஹெச்.கே. பெரியசாமி மேஸ்திரியின் பெயரில் ஹெச் என்றால் என்ன?"

காண்டிராக்டர் படத்து மாலையைச் சரிசெய்தார். கடைசி வரிசையில் ஒரு முக்காடு எழுந்தது.

"ஹனூருங்க. எங்கப்பனுக்கு வேற என்ன இருந்துச்சு?"

யாரோ சிரித்தார்கள். நான் அந்த அம்மாளின் பெயரையும் அவர் தகப்பன் பெயரையும் பாட்டன் கருப்பனின் பெயரையும் மைக்கில் சொன்னேன். நாகரத்தினம் எழுதியது இதுதான் என்றும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, உயிரோடு இருப்பவர்களை முதலில் கேள் என்ற வாக்கு. மற்றது, ஆட்டோவில் அவர் சொன்ன அந்த "சீ". இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த ஊரில் இரண்டுக்கும் வேலை இருக்கிறது.