மூக்காயிக்கு நோயில்லை

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது என்றுதான் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று தெரியவந்தது பதுளையில், கிளினிக்கில், டொக்டர் றில்வானின் மேசைக்கு முன்னால்.

அம்மாவுக்கு நாட்பட்ட இரத்தப் புற்றுநோய். வந்து நாலு வருடமாகிறது. முதல் மருந்து இரண்டு வருடம் கேட்டது, அடுத்தது எட்டே மாதம். பிறகு கழுத்திலும் கக்கத்திலும் கட்டிகள் திரும்பிவிட்டன. மடுல்சீமை மலையில் நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த மனுஷி, லயத்து வீட்டிலிருந்து தண்ணீர்ப் பைப்படிக்குப் போவதற்குள் இரண்டு தரம் உட்கார்ந்தாள். நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்துக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். நாள் முழுக்கப் பிள்ளை தூக்குகிற கை. அம்மாவைத் தூக்கியபோது அந்தப் பிள்ளைகளின் பாரம்தான் இருந்தது. பயந்துபோனேன்.

டொக்டர் றில்வான் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"என்கிட்ட இனி வேற மருந்து இல்ல. ஆனா கொழும்பில ஒரு புது மருந்துப் பரிசோதனை நடக்குது. உடம்பில இருக்கிற எதிர்ப்புச் சக்தியையே எழுப்பி, புற்றுநோயோட மோத விடுற ஊசி. குணமாகும்னு வாக்குத் தரமாட்டேன். ரெண்டு மருந்தும் கேக்காம போனவங்களுக்குத்தான் அது. அம்மா மாதிரி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அவர் அம்மாவின் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்து முகத்தைச் சுருக்கினார்.

"எழுபது வயசு வரைக்கும்தான் எடுப்பாங்க. அம்மாவுக்கு எழுபத்தொன்னு."

"எனக்கு அறுபத்தாறுதாங்க ஐயா," என்றாள் அம்மா.

காய்ச்சலில் புலம்புகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். கையை உதறினாள்.

"சும்மா இரு யசோ. நான் இராக்கம்மா இல்லீங்க ஐயா. இராக்கம்மா என் அக்கா. நாலு வயசுல செத்துப்போச்சு. நான் மூக்காயி."

எங்கள் ஆட்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்தது பிறந்தவுடன் மூக்கைக் குத்தி, மூக்கன் என்றோ மூக்காயி என்றோ பெயர் வைப்பார்கள். குறையுள்ள பிள்ளை என்று எமன் தொடாமல் போய்விடுவானாம். அக்கா செத்த மறு வருடம் பிறந்தவள் அம்மா. அவள் வலது மூக்கில் தூர்ந்துபோன ஒரு துளை உண்டு. அம்மைத் தழும்பு என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தாள், கள்ளி.

அவளுக்குப் பதின்மூன்று வயதில் அவள் அப்பா செத்துவிட்டார். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதியாவிட்டால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவைக் காலி பண்ண வேண்டும். தாய்க்கு இளைப்பு, மூக்காயிக்கு வயது காணாது. டிரங்குப் பெட்டிக்குள் இராக்கம்மாவின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அடைமழையில் செத்த பிள்ளை, இறப்பைப் பதிய யாரும் டவுனுக்குப் போகவில்லை. காகிதத்தில் இராக்கம்மாவுக்குப் பதினெட்டு வயது. கங்காணி இராமையா எல்லாம் தெரிந்துகொண்டே, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பேரிலேயே மூக்காயியைப் பதிந்துவிட்டார். அப்படி எத்தனையோ லயத்தில் செத்த பிள்ளைகள் பேர் பதிந்து கொழுந்து பறித்திருக்கின்றன. விடிகாலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் "இராக்கம்மா" என்று கூப்பிட்டால் அம்மாவுக்குத் திரும்பத் தோன்றாதாம். முதல் மாதம் முழுக்க ஏச்சுத்தான். பிறகு பழகிவிட்டது. கல்யாணம், என் பிறப்பு, வாக்குச் சீட்டு எல்லாம் இராக்கம்மா பெயரில்.

டொக்டர் கோபப்படவில்லை. "ஆள் எடுக்கிறது முடிய மூணு கிழமை இருக்கு. நீங்கதான் மூக்காயின்னு காட்டுங்க, நான் கேட்டுப் பாக்கிறேன்," என்றார்.

அந்த மூன்று வாரமும் நான் மனுஷியாக இருக்கவில்லை. பதுளைக்கு மூன்று தரம் போய் மூக்காயியின் பிறப்புச் சான்றிதழை எடுத்தேன். கிராம சேவகர், "மூக்காயின்னு ஒருத்தி இந்தப் பட்டியல்லயே இல்லியே, நீங்க யாருக்குக் கடிதம் கேக்கிறீங்க?" என்று சிரித்தார். அறையலாம் போலிருந்தது. கும்பிட்டுக் கேட்டு வாங்கினேன். இராமையா தாத்தாவுக்கு இப்போது எண்பத்து நாலு. கண் தெரியாது. அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் சமாதான நீதவான் முன்னால் உட்காரவைத்தேன். சத்தியக் கடதாசியில் பெருவிரலை வைத்துவிட்டு, "அன்னிக்குப் பொய் சொல்லி உங்க அம்மாவைக் காப்பாத்துனேன், இன்னிக்கு உண்மையச் சொல்லிக் காப்பாத்துறேன் புள்ள," என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒவ்வொரு நாளும் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை அம்மாவையும் கூட்டிப்போய், எல்லாக் காகிதத்தையும் டொக்டரின் மேசையில் அடுக்கினேன். அவர் கொழும்புக்குப் போன் எடுத்து நெடுநேரம் பேசினார். ஒரு கட்டத்தில் சத்தமும் போட்டார். போனை வைத்தபின் என்னைப் பார்க்காமல் காகிதங்களைத்தான் பார்த்தார்.

"மூக்காயிக்கு வயசு சரியாம். அதை ஏத்துக்கிறாங்க."

நான் எழுந்தே விட்டேன்.

"உக்காருங்க தங்கச்சி. ரெண்டு மருந்தும் எடுத்து, கேக்காம போனதுக்கு அத்தாட்சி வேணும். அந்த நாலு வருஷ ரிப்போட்டும் இராக்கம்மா பேர்ல இருக்கு. மூக்காயி இதுவரைக்கும் ஒரு தடிமனுக்குக்கூட மருந்தெடுத்ததா எங்கேயும் இல்ல. சத்தியக் கடதாசி போதாதாம். நீதிமன்றம் போய், அடையாள அட்டையே மாறி வரணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"ஒரு வருஷம். கூடவும் ஆகலாம். ஆள் எடுக்கிறது வெள்ளிக்கிழமையோட முடியுது."

நோய் உள்ளவளுக்கு வயது இல்லை, வயது உள்ளவளுக்கு நோய் இல்லை. மேசையில் ஓங்கி அடித்தேன். "முன்னால இருக்கிற உடம்பு ஒன்னுதானே டொக்டர்! கட்டியைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதை வைத்து நான் என்ன செய்ய?

பஸ் ஸ்டாண்டில் மடுல்சீமை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். அம்மா ஜன்னல் பக்கம். மூக்காயியின் பிறப்புச் சான்றிதழை என்னிடம் வாங்கித் தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

"மூக்காயிக்கு ஒரு நோவும் இல்லைன்னுதானே டொக்டர் சொன்னாரு?"

"ஆமாம்மா."

"நான் போனப்புறம் சாவுப் பத்திரத்துல இராக்கம்மான்னே எழுதச் சொல்லு யசோ. அக்காவுக்குத்தான் அன்னிக்கு யாரும் எழுதலியே. மூக்காயி சாகக்கூடாதுன்னு எங்கம்மா மூக்குக் குத்துச்சு. அவ இருந்துட்டுப் போகட்டும்."

காகிதத்தை நாலாக மடித்து என் கைப்பைக்குள் வைத்தாள். பஸ் புறப்பட்டது. ஹாண்ட் ரெயிலைப் பிடிக்க அவள் கைக்கு வலுவில்லை. பசறை மலைப்பாதை வளைவுகள் முழுக்க அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.