போன் பண்ணிய குற்றம்

சுகிர்தம் இருபத்திரண்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். தென்காசிப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள எலுமிச்சை கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. புளியங்குடிச் சந்தையில் காய் வாங்கி, செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு லாரி அனுப்பும் கம்பெனி அது. வீரகேரளம்புதூரிலிருந்து தினமும் காலை ஏழரை பஸ்ஸில் வருவார். கணவர் பெஞ்சமின் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டோடு இருக்கிறார். மகள் கிறிஸ்டி நர்சிங் படிக்கிறாள். வேலையை விட்டு நிற்கும் நாளில் கைக்கு வரவேண்டிய பணிக்கொடையைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு வேறு சேமிப்பு கிடையாது.

முதலாளி சங்கிலிப்பாண்டியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். பெயர்தான் அண்ணாச்சி, யாரும் அவரைப் போனில் கூப்பிடக் கூடாது. அவர் வாட்ஸப்பில் உத்தரவு போடுவார், கீழே இருப்பவர்கள் செய்து முடிக்க வேண்டும். ஏதாவது கேட்பதென்றால் மேனேஜர் எபனேசர் மூலமாகக் கேட்கலாம். எலுமிச்சை விலை மணிக்கு மணி மாறுகிற சரக்கு. அதனால் இன்ன கணக்குக்கு இவ்வளவு போடு என்று எந்த நேரமும் செய்தி வரும். முன்பின் தெரியாத கணக்கு எண்களும் வரும்.

மூன்று வருடம் முன்பு அப்படி ஒரு செய்தி புதிய கேரள எண்ணிலிருந்து வந்தது. அண்ணாச்சியின் படம் இருந்தது. இரண்டு லட்சம் போடச் சொல்லியிருந்தது. சுகிர்தத்துக்குச் சந்தேகம் தட்டியது. எபனேசர் அன்று விடுப்பு. சுகிர்தமே அண்ணாச்சியின் பழைய எண்ணுக்கு அழைத்துக் கேட்டார். அண்ணாச்சி கோட்டயத்தில் ஒரு பெரிய வியாபாரியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புதிய எண்ணும் அவருடையதுதான்.

"நான் நானான்னு என்கிட்டயே கேக்கியா?" என்றார்.

மறுநாள் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் சுகிர்தத்தை நிற்கவைத்து ஒரு மெமோ கொடுத்தார்கள். முதலாளியின் உத்தரவைச் சந்தேகித்து அவரை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்த குற்றத்துக்காக ஒருநாள் சம்பளம் பிடிக்கப்படுகிறது என்று அச்சடித்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்திருந்தது. சுகிர்தம் அதை மடித்து பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தார். பெஞ்சமினிடம்கூடச் சொல்லவில்லை. அவமானம் பட வேண்டியவர்கள் யாரோ, பட்டவர் இவர்.

கடந்த ஆடி மாதத்தில் மறுபடியும் ஒரு புதிய எண். அதே படம். மீட்டிங்கில் இருக்கிறேன், போன் பண்ணாதே, மூன்று லட்சத்து எண்பதாயிரம் உடனே போடு என்றிருந்தது. எங்கோ இருக்கும் ஒரு திருடன் அண்ணாச்சியைப்போலவே எழுதியிருந்தான். அதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. எதிர்க்கேள்வியைச் சந்தித்தே பழகாத குரலை யார் வேண்டுமானாலும் பேசலாம். சுகிர்தம் போனைக் கையில் எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். பத்து நாற்பதுக்குப் பணம் போனது.

பதினோரு மணிக்கு உள்ளே வந்த எபனேசர் அண்ணாச்சி எந்த மீட்டிங்கிலும் இல்லை, விருந்தாளிகளோடு பழைய குற்றாலத்தில் குளிக்கிறார் என்றார். ஏமாந்தது அப்போதே தெரிந்துவிட்டது. பேங்குக்கும் சைபர் போலீஸுக்கும் உடனே சொல்லிவிடலாம், பணத்தை நடுவழியில் நிறுத்த முடியும் என்று சுகிர்தம் கெஞ்சினார். அண்ணாச்சியின் போன் டிரைவரிடம் இருந்தது.

"கேக்காம கொள்ளாம போலீஸுக்குப் போனா நாளைக்கு நான் இங்கன இருக்க முடியாது. குளிச்சிட்டு வரட்டும்மா" என்றார் எபனேசர்.

சீசன் கூட்டத்தில் வரிசையில் நின்று, குளித்து, சாப்பிட்டுவிட்டு அண்ணாச்சி போனை எடுத்தபோது மணி மூன்று. அதற்குள் பணம் பல கணக்குகளுக்குச் சிதறிவிட்டது.

அதற்குப் பிறகு எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் கேட்டார், கணவரின் தம்பி கேட்டார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தவர்கள் கேட்டார்கள். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே? அண்ணாச்சியும் கூசாமல் அதையேதான் கேட்டார்.

பத்தாம் நாள் எபனேசர் ஒரு கடிதத்தை நீட்டினார். என் கவனக்குறைவால் கம்பெனிக்கு நஷ்டம் ஏற்பட்டது என்று சுகிர்தம் எழுதியதுபோல அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வழக்கு இல்லாமல் கௌரவமாக அனுப்பிவிடுவார்களாம். சுகிர்தம் ஒருநாள் அவகாசம் கேட்டு, கடிதத்தைத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டால் நஷ்டத்துக்கு ஈடாகப் பணிக்கொடையைப் பிடித்துக்கொள்ள வழி உண்டு, போட்டுவிடாதீர்கள் என்று அங்கிருந்த குமாஸ்தா சொன்னார். வேலை எப்படியும் போகப்போகிறது. கிறிஸ்டியின் கடைசி வருடக் கட்டணம் அந்தக் கையெழுத்தில் தொங்கியது.

மறுநாள் கம்பெனி ஊழியர்களுக்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலைப் பிடித்திருந்தார்கள். வெளியே சாரல் அடித்தது. சைபர் பிரிவிலிருந்து வந்த பெண் இன்ஸ்பெக்டர் நன்றாகவே பேசினார். அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள், போன் பண்ணாதே என்றால் கட்டாயம் போன் பண்ணுங்கள் என்றார். மேடையில் இருந்த அண்ணாச்சி தலையாட்டினார். எபனேசர் பின்வரிசைக்கு வந்து, கூட்டம் முடிவதற்குள் போட்டுவிடும்படி கடிதத்தை சுகிர்தத்தின் மடியில் வைத்தார்.

சுகிர்தம் எழுந்தார். வீட்டிலிருந்து கைப்பையில் கொண்டுவந்திருந்த தாளின் மூன்று வருட மடிப்பைப் பிரித்து, மெமோவைத் தேதியிலிருந்து முத்திரை வரை வாசித்தார்.

"மேடம், நீங்க சொன்னதை நான் அப்பவே செஞ்சேன். அதுக்குக் கிடைச்சது இது. இப்ப செய்யலைன்னு இன்னொண்ணுல கையெழுத்துக் கேக்காவ. எதை நான் செய்யணும்?"

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார். டீ வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் சுகிர்தம் பஸ் ஏறினார். திங்கட்கிழமை வேலை போனது. பணிக்கொடை வரவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மெமோவோடு மனுக் கொடுத்தார். அந்தத் தாள் போலி, அப்படி ஒரு மெமோ தரப்படவே இல்லை என்று கம்பெனி பதில் கொடுத்தது. எட்டு மாதத்தில் நான்கு முறை விசாரணை தள்ளிப்போனது. கிறிஸ்டி படிப்பை நிறுத்திவிட்டு சுரண்டையில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள்.

நான்காம் வாய்தா முடிந்து திரும்புகையில், தென்காசிப் பேருந்து நிலையத்தில் சுஜிதா பக்கத்தில் வந்து நின்றாள். சுகிர்தத்தின் நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். பணம் அனுப்புமுன் போனில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்களாம். போன வாரம் அண்ணாச்சியின் செய்தி வந்ததும் அவள் அப்படியே கூப்பிட்டிருக்கிறாள்.

"எவகிட்ட கேட்டு எனக்குப் போன் போட்டேன்னு கேட்டாரு அக்கா. போனை வச்சிட்டுப் பணத்தை அனுப்பிட்டேன்."

"மெமோ தந்தாவளா?"

"இல்லக்கா. வாயாலதான்."

வீரகேரளம்புதூர் பஸ் வந்து நின்றது.

"அடுத்த தடவை ஏசினா அதை எழுதித் தரச் சொல்லு. அந்தத் தாளை ஆபீஸ்ல வைக்காத, வீட்டுக்குக் கொண்டு போயிரு" என்று சொல்லிவிட்டு சுகிர்தம் ஏறினார்.