சண்டைக்காரத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனவர்

'சர்வீஸ் ரோடு' வலைப்பதிவைப் படித்துவந்த உங்களுக்கு, அதை எழுதிய ஞானப்பிரகாசம் அண்ணன் இறந்துபோன செய்தி இதற்குள் தெரிந்திருக்கும். எனக்கு அது வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது தொலைபேசியில் வந்தது. "யம்மா, நான் அந்தோணி பேசறேன். அண்ணாத்தே பூட்டாரு. மாரு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." எனக்குச் செய்தியே பாதிதான் மண்டையில் ஏறியது. இந்த மனிதர் வாயிலிருந்து 'அண்ணாத்தே' என்ற சொல் வந்ததே, அதைத்தான் முதலில் நம்ப முடியவில்லை.

அந்தோணி, அண்ணனின் ஒரே தம்பி. வானகரத்தில் இருவருக்கும் எதிரெதிர் வீடு. தெருக்கோடியில் அப்பா விட்டுப்போன காலிமனையில் சுவரை எங்கே எழுப்புவது என்று ஒரு தகராறு. அன்றோடு பேச்சு நின்றது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகவில்லை. ஞாயிற்றுப் பூசைக்கு மட்டும் ஒரே மாதா கோவிலுக்குப் போவார்கள், ஆளுக்கு ஒரு வாசல் வழியாக.

அண்ணன் திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தார். அதே இடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள் நான். பூந்தமல்லி சாலையில் எந்த டீக்கடை எங்கே இடம் மாறியது, எந்த ஏரி எந்தக் குடியிருப்புக்குக் கீழே போனது என்று அவர் எழுதினால் நேரில் கூட்டிப்போய்க் காட்டியது போலிருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே 'வானகரம் வாசகன்' என்பவர் வந்து திட்டிவிட்டுப் போவார். "ஐயா, ஏரிக்கரைப் புளியமரம் கிழக்கே இருந்ததாக எழுதியிருக்கிறீர். மேற்கே இருந்தது. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு எழுதுகிறீர்?" அண்ணன் பதில் போடுவார்: "மதிப்பிற்குரிய வாசகருக்கு நன்றி. விசாரிக்கிறேன்." அந்த வாசகன் யார் என்று தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டில் அந்தோணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே, "வருது பாரு" என்று அண்ணன் நிமிர்ந்து உட்காருவார்.

வலைப்பதிவை வைத்திருந்த நிறுவனம் மாதக் கடைசியோடு கடையை மூடப்போவதாக அறிவித்தது. புது மென்பொருள் பார்த்து, வேறு இடம் பிடித்து, பதிவுகளை நான்தான் மாற்றிக்கொடுத்தேன். பதிவுகளும் படங்களும் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த அண்ணன் அடுப்பில் பால் காய்ச்சினார். "புது ஊடாச்சேமா" என்று சொல்லி, ஒரு டம்ளரைக் கம்ப்யூட்டருக்கு முன்னாலும் வைத்தார். கீபோர்டில் கொட்டிவிடப் போகிறதே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

அப்போதுதான் கவனித்தேன். பதிவுகள் எல்லாம் வந்திருந்தன, கீழே இருந்த கருத்துகள் ஒன்றுகூட வரவில்லை. இரண்டு மென்பொருளுக்கும் ஒத்துப்போகவில்லை. "போனால் போகட்டும் விடுங்கண்ணே, முக்கால்வாசி திட்டுதானே" என்றேன். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாமா பேசற? ஊடு மாத்தசொல்ல, சண்டக்காரத் தம்பிய மட்டும் பழைய ஊட்ல உட்டுட்டா வருவாங்க?"

அன்றிலிருந்து ஒவ்வொரு கருத்தாகப் பழைய இடத்திலிருந்து எடுத்துப் புது இடத்தில் கையால் ஏற்றினார். ஏற்றியது அவர் கணக்கிலிருந்து என்பதால் எல்லாத் திட்டுக்கும் மேலே அவர் பெயரே விழுந்தது. "நானே என்னத் திட்டிகினு கீறேன்மா" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். சரிசெய்து தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. ஒவ்வொரு திட்டின் தலையிலும் ஒரு வரி சேர்த்தார்: 'தம்பி அந்தோணி சொன்னது'. கடுமையான வார்த்தைகளை மட்டும் எடுத்துவிடலாமே என்று கேட்டதற்கு, "திட்டினத திட்டினாப்பலயே போடு. அத்த நைஸ் பண்ணா அவன் வந்த மாதிரி இருக்காது" என்றார். பாதியை ஏற்றி முடிப்பதற்குள் போய்விட்டார். மகராசன், இன்னும் ஒரு மாதம் இருந்திருக்கக் கூடாதா?

நினைவுப் பூசை முடிந்து கோவில் படியில் அந்தோணி என்னை நிறுத்தினார். புது வலைப்பதிவைப் பார்த்திருக்கிறார். "அந்த 'தம்பி'ன்னு போட்டது அவரா, நீயா?"

"அவரேதான்."

குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "மீதி கீதே, அத்த எப்போ ஏத்தப் போற?"

"நாளைக்கு. மாதம் முடிந்தால் பழையது எல்லாம் அழிந்துபோய்விடும்."

"நீ வேணாம். நான் ஏத்தறேன்."

மறுநாள் அந்தோணி தெருவைக் கடந்து அண்ணன் வீட்டுக்குள் வந்தார். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தோணி ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஒவ்வொரு திட்டின் மேலும் 'தம்பி அந்தோணி சொன்னது' என்று தானே எழுதினார். புளியமரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. "இதுல அவரு சொன்னதுதான் கரெக்ட்டு. மரம் கெழக்கதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டேன். அப்பதான பதில் போடுவாரு." என்னைப் பார்த்தார். "எடுத்துடவாமா?"

"திட்டினத திட்டினாப்பலயே போடு" என்று அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். "அப்டியா சொன்னாரு?" என்று கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு 'மேற்கே' என்பதை மேற்கே என்றே ஏற்றினார்.

பழைய இடம் இப்போது இல்லை. அங்கே நாங்கள் எதையும் விட்டுவரவில்லை. புது வீட்டின் சாவி என்னிடம் இருக்கிறது, அதோடு அண்ணனின் அந்த ஒரு சொல்லும். இந்த அஞ்சலியையும் புது வீட்டில்தான் போடுகிறேன். ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் கீழே அந்தோணி வந்து திட்டுவார். திட்டினால் திட்டினபடியே போடுவேன்.