லிதுவேனியாவுக்கு இரண்டு சோடி சொக்ஸ்

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து விமான நிலையத்துக்கு 401 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறோம். ஜூன் மாத வெயில். டாக்சிக்குள் ஏசி இரைகிறது. விடுமுறைக்கு லிதுவேனியா போகிறேன் என்றதும், அதுவரை பேசாமல் ஓட்டிவந்த டிரைவர் அண்ணை ரேடியோவைக் குறைக்கிறார்.

"ரெண்டு சோடி சொக்ஸ் போடுங்கோ தம்பி. அங்க குளிர் முதல்ல காலிலதான் ஏறும்."

அங்கே சாப்பிடும் ரொட்டியான கறுப்புப் பாண் புளிக்குமாம், ஆனால் கனநாள் கெடாதாம். காட்டுக்குள் பனி மூடிக் கிடக்கும் இடத்தில் காலை வைக்கக் கூடாதாம், அடியில் சேறாம். நான் வாங்கிய வழிகாட்டிப் புத்தகத்தில் இவை எதுவும் இல்லை. அதில் தேவாலயங்களும் ஏரிகளும் நல்ல காப்பிக் கடைகளும்தான் இருக்கின்றன.

"அங்கயும் இப்ப சம்மர்தான் அண்ணை. இரவு பத்து மணிக்கும் வெளிச்சமாம்" என்கிறேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார்.

"வெளிச்சத்தில நான் அந்த நாட்டைப் பாக்கேல்லை. கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போறனெண்ட ஏஜென்சிக்காரன் எங்களை அங்க ஒரு விண்டர் முழுக்க ஒளிச்சு வைச்சிருந்தவன். இருட்டினாப் பிறகுதான் வெளிய விடுவான். பிறகு காட்டுக்குள்ளால நடைதான்."

டெர்மினல் வாசலில் என் பெட்டியை இறக்கித் தருகிறார். தன் வாட்ஸ்அப் நம்பரைச் சொல்கிறார்.

"அந்தக் காட்டை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ."

"எந்தக் காடு அண்ணை?"

"பேர் ஆருக்குத் தெரியும்? எதெண்டாலும் பரவாயில்லை. பகலில எடுங்கோ."