நித்யாவின் இடத்தில் உட்கார்ந்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில் தென்னந்துடைப்பம் ஒன்று வாங்கினேன். புதுசு. ஈர்க்குச்சிகளில் பச்சை இன்னும் முழுதாக வற்றவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சுவரில் சாத்தும்போது ஓலையும் லேசான புளிப்பும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், என் கை என்னைக் கேட்காமலே நாலைந்து குச்சிகளை உருவி, துண்டு துண்டாக ஒடித்து, பத்துப் பத்தாக அடுக்க ஆரம்பித்துவிட்டது. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பெருக்கறதுக்கு வாங்குனியா, பாடம் நடத்தறதுக்கு வாங்குனியா?" என்றார். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்தால் ரப்பர் பேண்டு போட்ட குச்சிக் கட்டுகள்தான் முதலில் உருண்டு வரும்.

இத்தனைக்கும் நான் கணக்கில் புலி ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைத் தூக்கிவிட்டதா, நான் அதைத் தாண்டிக் குதித்தேனா என்று இன்றுவரை தெரியாது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அப்பா, எனக்கு வேலை கிடைத்து இரண்டாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றதும் முதலில் சந்தோஷப்பட்டார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "கணக்கும் நீதான் எடுக்கணுமா? பாவம், பசங்க" என்றார்.

பள்ளிக்கூடம் எண்ணூர்ப் பக்கம், முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில். பெரம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். திருவொற்றியூர் தாண்டினால் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நிற்கும். பஸ் அதன் ஓரமாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு நகரும். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, பாய்களை உதறுவது. அனல் மின் நிலையப் பக்கத்திலிருந்து காற்று அடித்த நாட்களில் சாம்பல் மெல்லிசாகப் படிந்திருக்கும். குழந்தைகள் அதில் விரலால் படம் வரைந்துவிட்டுத்தான் உதறுவார்கள்.

அப்போது வகுப்பில் பெஞ்சு கிடையாது. எல்லோரும் பாயில்தான். சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கக் கரும்பலகை. குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில் ஆளுக்கு ஒரு கட்டம், மேலே அவரவர் பெயர். ஜன்னலோரக் கட்டம் நித்யாவுடையது. துறுதுறுப்பான பெண். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுவாள். ஒருநாள் கடலரிப்புக்குப் போட்ட பாறைகளின் மேல் ஓடிப்பிடித்து விளையாடும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்புவரை மாவுக்கட்டு. எழுந்து நடக்க மாசக்கணக்காகும் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அவள் அம்மா தேசம்மா பள்ளிக்கு வந்தார். காலையில் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருக்கிறார். கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, குழாயில் முழங்கைவரை கழுவிக்கொண்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கதவருகே நின்றார்.

"டீச்சர், அது எடத்துல நான் குந்திக்கிறேன். நீ சொல்லிக் குடுக்கறத நான் கேட்டுக்கினு போயி வூட்ல அதுக்குச் சொல்லிடறேன்."

அந்தப் பக்கத்தில் 'நீ' என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது, எனக்குப் பழகியிருந்தது. ஆனால் இந்த வேண்டுகோள் பழகியதில்லை. நான் விழித்தேன்.

"பெரியவளுக்கு இப்டித்தான் ஆச்சு டீச்சர். மூணாவது படிக்கச்சொல்ல அம்மை போட்டு வூட்ல கெடந்தா. அப்பால இஸ்கூலுக்கு வந்தா கணக்கு ஒண்ணும் புர்ல. சின்னப் பசங்க சிரிக்குதுன்னு போவவே மாட்டேன்னுட்டா. இப்ப எறா உரிக்கப் போறா. இதுவும் அப்டி ஆயிடக் கூடாது."

தலைமையாசிரியை எலிசபெத் டீச்சரிடம் அழைத்துப் போனேன். கண்டிப்பானவர்; எங்களுக்கெல்லாம் பயம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு ரூல்ஸ்ல இடமில்லையேம்மா" என்றார். தேசம்மா ஈரக் கையை மறுபடி முந்தானையில் துடைத்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "கூடாதுன்னும் எங்கயும் எழுதலை. கணக்கு நேரத்துக்கு மட்டும் வாங்க. வெத்தல போட்டுக்கிட்டு வரக் கூடாது" என்றார்.

இப்படித்தான் என் வகுப்பில் ஒரு புது மாணவி சேர்ந்தார். பெரிய உடம்பை மடக்கிப் பாயின் ஓரத்தில் உட்காருவார். நித்யா பெயரைக் கூப்பிட்டால் வகுப்பே திரும்பி அவரைப் பார்க்கும். ஒருநாள் அவரே வெட்கப்பட்டுக்கொண்டு, "உள்ளேன் டீச்சர்" என்றார். குழந்தைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பதிவேட்டில் ஆப்சென்ட்தான் போட்டேன்; எலிசபெத் டீச்சரை ஏமாற்ற முடியுமா? தேசம்மா நித்யாவின் கட்டத்தில் குனிந்து எழுதுவார். ஏழு மட்டும் அவருக்கு இடம் வலம் மாறிவிடும். பக்கத்துக் கட்டத்துப் பையன்கள், "நித்யாம்மா, ஏழு அந்தாண்ட பாக்கணும்" என்று திருத்துவார்கள். அவரும் முந்தானையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். பெரிய ஆள் ஒருவருக்கும் தப்பு வருகிறது என்பதைப் பார்த்ததிலிருந்து, என் வகுப்பில் தப்பு செய்ய யாரும் பயப்படவில்லை. இதை நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

பிறகு அந்தக் கழித்தல் வந்தது. நாற்பத்திரண்டில் பதினேழு போக மீதி எவ்வளவு. எனக்குச் சொல்லித்தந்த மாதிரியே நானும் சொல்லித்தந்தேன். ரெண்டில் ஏழு போகாது, பக்கத்தில் ஒன்று கடன் வாங்கு, பன்னிரண்டு ஆகிவிட்டது, இப்போது கழி. குழந்தைகள் தலையாட்டிக்கொண்டே சுவரில் எழுதினார்கள். அநேகமாக எல்லோரும் சரி. நான் திருப்தியாகக் கையைத் தட்டிச் சாக்பீஸ் தூளை உதிர்த்தேன்.

"டீச்சர்" என்றார் தேசம்மா. "பக்கத்துல கேட்டது ஒண்ணு. இங்க வந்தது எப்டிப் பத்து?"

அது அப்படித்தான் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"இல்ல, நித்யா கேக்கும். அது ஒண்ண வுடாது. நான் இன்னான்னு சொல்றது?" சண்டை இல்லை, சோதனை இல்லை. மகளிடம் போய் நிற்க வேண்டிய கவலை மட்டும்தான் அந்த முகத்தில் இருந்தது.

"நாளைக்குச் சொல்றேம்மா" என்றேன்.

பஸ் முழுக்க அந்த ஒன்று என் மடியில் உட்கார்ந்திருந்தது. பயிற்சிப் பள்ளியில் குச்சிக் கட்டு, மணிச்சட்டம் எல்லாம் படித்திருந்தேன். ஆனால் பரீட்சைக்குப் படித்தது. பரீட்சை முடிந்ததும் அதுவும் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அம்மாவின் துடைப்பத்தைப் பிரித்தேன். அம்மா திட்டியது தனிக் கதை.

மறுநாள் நான்கு கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் பாயின் நடுவில். "இதுலேர்ந்து ஏழு குச்சி குடுங்க" என்று தேசம்மாவிடம் கேட்டேன். அவர் இரண்டு உதிரியைப் பார்த்தார், கட்டுகளைப் பார்த்தார். ஒரு கட்டை எடுத்துத் தயங்கி, "அவுக்கலாமா?" என்றார். "அவுங்க" என்றேன். ரப்பர் பேண்டை உருவினார். குச்சிகள் பாயில் சிதறின.

"அங்க ஒரு கட்டா இருந்துச்சு. இங்க பத்தா ஆயிடுச்சு. இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்மா" என்றேன். அவருக்குச் சொன்னேனோ, எனக்கே சொல்லிக்கொண்டேனோ. வகுப்பில் எப்போதும் முதலில் முடிக்கும் பையன் ஒருவன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "டீச்சர், எனக்கும் இப்பத்தான் புரிஞ்சுது." அவன் முதல்நாளே சரியாக எழுதி, நான் டிக் போட்டவன்.

ஒரு சனிக்கிழமை நித்யாவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். மாவுக்கட்டு முழுக்கப் பேனாவில் கணக்குகள். வெள்ளை இடம் தீர்ந்துபோய் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தன. பெரியவள் செல்வி மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஐஸில் கிடந்த எறாவை உரித்து உரித்து விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நான் ஒரு கணக்கு கேட்டேன். நித்யா விரலை மடக்கிக்கொண்டிருக்கும்போதே மூலையிலிருந்து விடை வந்தது. சொல்லிவிட்டுச் செல்வி சட்டென்று துணியில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

வாசலில் வழியனுப்பும்போது தேசம்மா குரலைத் தாழ்த்தினார். "நான் சின்னதுக்குச் சொல்லச்சொல்ல இவளும் கேட்டுக்கினுதான் கீறா டீச்சர். கேக்காத மாதிரி. நானும் கண்டுக்காத மாதிரி இருந்துக்கறேன்."

செல்வி பள்ளிக்குத் திரும்பவில்லை. நானும் எலிசபெத் டீச்சரும் போய்க் கூப்பிட்டுப் பார்த்தோம். வயது தாண்டிவிட்டது என்று சிரித்தாள். ஆனால் தங்கைக்கு அதற்கப்புறம் வீட்டுக் கணக்கு சொல்லித் தந்தது அவள்தான். அம்மாவுக்குத் தெரிந்த எல்லையைத் தாண்டி அவள் கூட்டிக்கொண்டு போனாள்.

அரையாண்டு விடுமுறை முடிந்து நித்யா ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்தாள். நேரே தன் கட்டத்துக்குப் போய், நான் கொடுத்த கழித்தலைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்தது என்னை இல்லை. வாசலில் நின்ற அம்மாவை. "நீங்களும் வந்து உக்காருங்களேன்" என்றேன். "இன்னாத்துக்கு டீச்சர்? அதான் அது வந்துடுச்சே" என்று கூடையைத் தூக்கிக்கொண்டார். எங்களுக்கெல்லாம் யாரோ மாற்றலாகிப் போன மாதிரி இருந்தது. ரொம்ப நாள் அந்தப் பாயின் ஓரத்தில் யாரும் உட்காரவில்லை.

இப்போது நான் வேறு பள்ளியில் இருக்கிறேன். சுவரில் பெரிய திரை. தொட்டால் கட்டு தானாக அவிழ்ந்து பத்துக் குச்சிகள் வண்ண வண்ணமாகப் பறக்கும். குறை சொல்லவில்லை, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அம்மாக்கள் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அன்றன்று நடத்தியதை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். கட்டை விரல்கள் வருகின்றன. யாரும் எதுவும் கேட்பதில்லை.

நித்யாவைப் போன வருஷம் திருவொற்றியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பார்த்தேன். எனக்கு ரத்தம் எடுக்க வந்த பெண்ணே அவள்தான். கடல் உள்ளே வந்ததில் குப்பத்து வீடு போய், ஹவுஸிங் போர்டு குடியிருப்புக்கு மாறிவிட்டார்களாம். அம்மா சௌக்கியமா என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு டீச்சர். உங்களப் பத்திப் பேசினா, நித்யாவோட டீச்சர்னு சொல்லாது. என் டீச்சருன்னுதான் சொல்லும்."

ஊசி குத்தியது எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. பிள்ளைகள் குறைந்து குறைந்து, கடைசியில் தள்ளி இருந்த இன்னொரு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். கட்டிடத்தை இடித்து, சுற்றிலும் தகரம் அடித்து, உள்ளே கன்டெய்னர் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். காவலுக்கு நின்றவர் வடநாட்டுக்காரர். என்ன வேண்டும் என்று கையால் கேட்டார். இங்கேதான் நான் டீச்சர் ஆனேன் என்பதை எந்தப் பாஷையில் சொல்வது என்று தெரியாமல், ஒன்றும் இல்லை என்று கையாட்டிவிட்டு வந்தேன்.